சாக்ஸபோனுக்கும் சீவாளி உண்டு

பிறந்த மண்ணை விட்டு வெளியூர்களில் குடியேறிய நம்மவர், எதைப் பின்னால் விட்டு வந்தாலும் சங்கீதத்தை விட்டு வருவதில்லை. ஜாகையில் இரண்டே அறைகள் இருந்தாலும் ஒரு மூலையில் சுருதிப்பெட்டி இருக்கும். கட்டிலின் அடியில் உறையிட்ட மிருதங்கம் ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். பெண் குழந்தைகளுக்குப் பாட்டு, ஆண் குழந்தைகளுக்கு மிருதங்கம் என்பது ஒரு காலத்து வழக்கம். அவ்வழக்கம் இன்று மாறிவருகின்றது. பள்ளிக்கூடத்துப் பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்து, பளபளவென்று மின்னும் சாக்ஸபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகளை நம் பகுதியிலேயே காண்கின்றோம்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. பெல்ஜிய நாட்டில் தினான் என்னும் ஊரில் 1814-ஆம் ஆண்டு பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் உருவாக்கி, 1846-இல் பிரான்சு நாட்டில் உரிமைப்பத்திரம் பெற்ற இவ்வாத்தியத்தைக் கர்நாடக சங்கீத மேடையில் அமர்த்திய பெருமை கத்ரி கோபால்நாத் அவர்களைச் சாரும். தென் கன்னட மாவட்டத்தில் 1949-இல் பிறந்து 2019-இல் மறைந்த அவர், ஒரு நாகஸ்வர வித்வானின் குமாரர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தவர். 1994-இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் அவருடைய வாசிப்பைக் கேளாத தமிழ்க் குடும்பம் அரிது. அதே ஆண்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் இசைவிழாவிலும் அவர் வாசித்தார். ஆகவே, ‘இது நமக்கு அந்நியமான வாத்தியம்’ என்று ஒதுக்க இனி எவராலும் இயலாது.

ஆயினும் அந்நியமான விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. வீணைக்குத் தந்தி மாற்ற வேண்டும், மிருதங்கத்திற்கு ரவை பூச வேண்டும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். சாக்ஸபோனில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதோ தெரியாது. அந்த அறியாமையால் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு தவற்றை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகின்றோம். வேறு இல்லங்களில் அது நேராதிருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

நாம் செய்த தவறு

நம் மகன் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிப் பாண்டில் சேர்ந்தான். முதல் சில மாதங்கள் பள்ளி வாத்தியத்திலேயே பழகினான். ஆர்வத்தைக் கண்டு, கையிருப்பைத் திரட்டி, பழைய ஆல்ட்டோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அத்துடன் என்னென்ன வாங்க வேண்டும் என்று பாண்டு ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். அதில் ‘ரீடு, எண் 2’ என்று கண்டிருந்தது.

ரீடு என்பது வாத்தியத்தின் வாயில் வைத்துக் கட்டும் மெல்லிய நாணல் தகடு என்ற அளவில்தான் நமக்குத் தெரியும். கடையில் 2, 2½, 3, 3½, 4 என்று பெட்டிகள் அடுக்கியிருந்தன. ‘நம் பிள்ளைக்கு ஏன் இரண்டாந்தரம்?’ என்று நம் உள்ளத்தில் ஓர் அசட்டுக் கௌரவம் எழுந்தது. எண் ஏற ஏறத் தரமும் ஏறும் என்று எண்ணி, நான்காம் எண் பெட்டியை வாங்கினோம். கடைக்காரரும் மறுக்கவில்லை, அத்துடன் வெள்ளி போல் மின்னும் உலோக மௌத்பீஸ் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். பழைய வாத்தியத்துடன் வந்த கறுப்பு மௌத்பீஸைவிட அது பன்மடங்கு கம்பீரமாக இருந்தது. அதையும் வாங்கினோம்.

அன்று தொடங்கியது வீட்டில் சங்கடம். பையன் முகம் சிவக்க ஊதுவான். காற்றுச் சீறும் ஓசை வரும், அன்றேல் காதைத் துளைக்கும் ஒரு கீச்சொலி வரும். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மையார் இரண்டு முறை மாடியேறி வந்து, குழந்தைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துச் சென்றார். “பள்ளிக்கூடத்து வாத்தியத்தில் வருகிறது அப்பா, இதில்தான் வரவில்லை” என்று பையன் பலமுறை சொன்னான். நாம் அதைச் சாக்குப்போக்கு என்று கருதினோம். “வாத்தியத்தைக் குறை சொல்லாதே, உனக்குச் சாதகம் போதவில்லை” என்று கடிந்துகொண்டோம். ஆறு மாதத்தில் அவன் உறையைத் திறப்பதையே விட்டுவிட்டான். வாத்தியத்தை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அப்பேச்சு எழுந்தபோது பையன் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்று எண்ணினாலும் நம் மனத்தை உறுத்துவது அந்த மௌனந்தான்.

வித்வான் சொன்ன விடை

தை மாதத்தில் நம் பகுதிக் கோவில் உற்சவத்திற்காகத் தஞ்சை ஜில்லாவிலிருந்து ஒரு நாகஸ்வர வித்வான் டில்லிக்கு வந்திருந்தார். முதியவர். காப்பிக்காக நம் வீட்டிற்கு அழைத்திருந்தோம். கூடத்து மூலையில் இருந்த சாக்ஸபோன் உறையைக் கண்டு, “இது யார் வாசிப்பது?” என்று கேட்டார். நாம் தயக்கத்துடன் கதையைச் சொன்னோம்.

அவர் பையனை அருகில் அழைத்து, “தம்பி, முதலில் சீவாளியைக் காட்டு” என்றார்.

“இதற்குச் சீவாளி கிடையாது ஐயா” என்று நாம் குறுக்கிட்டோம்.

“வாயால் ஊதி நாதம் வருகிற வாத்தியத்தில், புல்லாங்குழலை விட்டால், ஏதாவது ஒன்று துடித்தாக வேண்டுமே! அதைத்தான் கேட்கிறேன்” என்று அவர் சிரித்தார்.

பையன் ரீடைக் கழற்றிக் கொடுத்தான். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தின்மேல் நுனியை மெல்ல அழுத்திப் பார்த்தார். அது வளைந்து கொடுக்கவில்லை. “இது மரப்பலகை அல்லவா! இதை ஊத யானைக்கு மூச்சு வேண்டும். குழந்தை என்ன செய்வான்?” என்றார். பிறகு அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, “இங்கே குளிரில் ஹீட்டர் வைக்கிறீர்கள். வறண்டு கோணிப்போயும் இருக்கிறது. நான் வந்ததிலிருந்து என் சீவாளியும் பிணங்கிக்கொண்டுதான் இருக்கிறது” என்று சொன்னார்.

சாக்ஸபோனை வாழ்நாளில் கையில் எடுத்திராத ஒருவர், ஒரு நிமிஷத்தில் நோயைக் கண்டுவிட்டார். மறுநாளே பையனுடன் பள்ளிக்குச் சென்று பாண்டு ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை; ஆனால் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். அன்று கேட்டவற்றையும், அதன்பின் நாமே படித்தும் பழகியும் அறிந்தவற்றையும் கீழே தருகின்றோம்.

நாதம் பிறக்கும் இடம்

நாகஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றையொன்று நோக்கித் துடிக்கின்றன. சாக்ஸபோனில் இதழ் ஒன்றே. மற்றோர் இதழின் இடத்தில் மௌத்பீஸின் விளிம்பு இருக்கின்றது. மௌத்பீஸின் அடிப்பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அதன்மேல் ரீடைப் பொருத்தி, லிகேச்சர் என்னும் பட்டையால் இறுக்குவார்கள். ரீடின் அடி அசையாது. நுனி மட்டும் துடிக்கும். சுருதி சேர்க்கும்போது வழங்கும் 440 என்ற ஸ்வரத்தை ஒலிக்கச் செய்தால், அந்நுனி ஒரு வினாடிக்கு 440 முறை மௌத்பீஸின் வாயை மூடித் திறக்கின்றது என்று பொருள். பித்தளைக் குழாயும் சாவிகளும் அத்துடிப்பை ஒழுங்குபடுத்தி ஸ்வரமாக்குகின்றனவேயன்றி, தாமாக ஒலிப்பதில்லை. ஆகவே பத்தாயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வாத்தியமானாலும், நுனியில் 0.1 மில்லிமீட்டர் அளவே கனமுள்ள ஒரு நாணல் தகட்டை நம்பித்தான் இருக்கின்றது.

அந்த நாணலின் வரலாறும் சுவையானது. பிரான்சின் தென்கிழக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டிய வார் என்னும் பிரதேசத்தில் விளையும் பெருநாணல் இதற்குப் பெயர்பெற்றது. சுமார் இரண்டு ஆண்டு வளர்ந்த தண்டைக் குளிர்காலத்தில் அறுத்து, வெயிலில் பொன்னிறமாகும்வரை உலர்த்தி, கணுக்களை நீக்கி, நீளவாட்டில் பிளந்து செதுக்குகின்றார்கள். காவிரிக்கரை நாணலிலிருந்து திருவாவடுதுறையில் நம்மவர் சீவாளி செய்யும் கைத்தொழிலுக்கும் இதற்கும் உறவு முறை சொல்லிவிடலாம். பாரிஸில் 1905-இல் தொடங்கிய வாண்டோரன் கம்பெனியின் ரீடுகளும், ரிக்கோ என்ற பெயரில் வரும் அமெரிக்க ரீடுகளும் நம் நாட்டு வாத்தியக் கடைகளில் பழகிய பெயர்கள்.

எண் தரமன்று

ரீடுப் பெட்டியில் அச்சிட்டுள்ள எண், தரத்தைக் குறிப்பதன்று, விறைப்பைக் குறிப்பது. ஒரே வகை ரீடுகளில் 2-ஆம் எண்ணும் 4-ஆம் எண்ணும் ஒரே அளவாகத்தான் செதுக்கப்பட்டிருக்கும். தண்டின் இயற்கையான உறுதியைச் சோதித்து, இளகியதற்குச் சிறிய எண்ணும் விறைத்ததற்குப் பெரிய எண்ணும் இடுகின்றார்கள். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு 1½ அல்லது 2 போதும். உதட்டுத் தசைகள் உரம்பெற்ற பிறகு 2½, தேவையானால் 3 என்று ஏறலாம். உச்சத்திலுள்ள வித்வான்களிலும் 2½ வைத்து வாசிப்பவர்கள் உண்டு. ஏறியே ஆக வேண்டும் என்ற நியதி இல்லை.

இதில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு கம்பெனியின் 2½ மற்றொரு கம்பெனியின் 3-க்குச் சமமாக இருக்கக்கூடும். ஆகவே கம்பெனியை மாற்றும்போது எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அடுத்தது, ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் ரீடின் அகலம் வேறு. பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும்.

ரீடு பொருந்துகின்றதா என்பதைப் பெற்றோரே காதால் அறியலாம். ரீடு மிகவும் விறைப்பாயிருந்தால், நாதத்தைவிடக் காற்றோசை மிகும். கீழ் ஸ்வரங்கள் வரத் தயங்கும். பிள்ளை சில நிமிஷங்களிலேயே உதடு வலிக்கின்றது என்பான். மிகவும் இளகியதாயிருந்தால், நாதம் வண்டு ரீங்காரம்போல் ஒல்லியாகும். மேல் ஸ்வரங்கள் சுருதி இறங்கும். சற்றுப் பலமாக ஊதினால் ரீடு வாயை அடைத்துக்கொண்டு ஒலி நின்றுவிடும். கீச்சொலி மட்டும் இடையிடையே வந்தால், நுனி முறிந்திருக்கின்றதா, ரீடு ஒருபுறம் சாய்ந்து கட்டப்பட்டிருக்கின்றதா, பிள்ளை அளவுக்கு மீறிக் கடிக்கின்றானா என்று பார்க்க வேண்டும்.

மௌத்பீஸின் வாய்

ரீடின் நுனிக்கும் மௌத்பீஸின் நுனிக்கும் இடையிலுள்ள இடைவெளியே இதில் தலையாயது. ஆல்ட்டோ மௌத்பீஸ்களில் அது பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கும். பழகுபவர்களுக்கென்று யாமஹா கம்பெனியார் தரும் 4சி என்ற மௌத்பீஸில் 1.6 மில்லிமீட்டர், மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதக்காரர் விரும்பும் செல்மர் எஸ்80 சி-ஸ்டாரில் 1.7, ஜாஸ் சங்கீதத்தில் பெயர்பெற்ற மேயர் 5-இல் 1.8. இவற்றிடையே வேறுபாடு ஒரு தலைமுடி அளவே எனினும், ஊதுபவனின் மூச்சும் உதடும் அதை உடனே உணரும்.

இடைவெளி அகன்றால் ரீடு நெடுந்தூரம் வளைய வேண்டும். ஆகவே இளகிய ரீடு தேவை. இடைவெளி குறுகினால் சற்று விறைத்த ரீடைத் தாங்கும். இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகள் போன்றவை. நாம் செய்ததோ, அகன்ற வாயுள்ள உலோக மௌத்பீஸில் நான்காம் எண் ரீடைக் கட்டியது! இரண்டு தட்டிலும் பாறாங்கல்லை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கச் சொன்னோம்.

உட்புறத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நுனியை அடுத்து உள்ளே சரியும் மேற்கூரை உயர்ந்து ரீடை நெருங்கி நின்றால், காற்று விரைந்து பாய்ந்து ஒலி கூர்மையாகும். கூரை தாழ்ந்து விலகினால் ஒலி மிருதுவாகும். அதற்கப்பாலுள்ள அறை விசாலமாயிருந்தால் நாதம் உருண்டு குளிர்ந்திருக்கும். குறுகினால் பளிச்சென்று தெறிக்கும். அடால்ப் சாக்ஸ் முதலில் அமைத்தது உருண்டு விரிந்த அறைதான். பெரிய கூட்டத்தில் மற்ற வாத்தியங்களை மீறி ஒலிக்க வேண்டிய தேவை பின்னர் வந்தபோது, கூரை உயர்ந்தது, அறை குறுகிற்று.

உலோகமா, எபோனைட்டா, பிளாஸ்டிக்கா என்ற கேள்வியே கடையில் முதலில் எழுகின்றது. அது கடைசியாக எழ வேண்டிய கேள்வி. செய்த பொருளைவிட உட்புறத்து வடிவமே நாதத்தை நிர்ணயிக்கின்றது. பழகும் பிள்ளைக்கு எபோனைட் அல்லது நல்ல பிளாஸ்டிக் மௌத்பீஸ், ஒன்றரைக்கும் 1.8-க்கும் இடைப்பட்ட வாயுடன் இருந்தால் பல வருஷங்களுக்குப் போதும். பளபளப்புக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்யலாம். முதலாவது, விளக்கின் எதிரே பிடித்து, நுனி விளிம்பும் இருபக்க விளிம்புகளும் சமமாக இருக்கின்றனவா, பொரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டாவது, ரீடு படியும் மேடை தட்டையாக இருக்கின்றதா என்று ஓர் எஃகு அளவுகோலை வைத்துப் பார்ப்பது. மூன்றாவது, நனைத்த ரீடைக் கட்டி, குழாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வாயால் காற்றை உறிஞ்சி விடுவது. ரீடு ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, பிறகு ‘டப்’ என்று விடுபட்டால் காற்றுக் கசியவில்லை என்று கொள்ளலாம். உடனே விடுபட்டால், ரீடோ மேடையோ கோணியிருக்கின்றது.

கட்டுவதும் சீர்செய்வதும்

உலர்ந்த ரீடை ஒருபோதும் ஊதக்கூடாது. சுத்தமான நீரிலோ உமிழ்நீரிலோ ஓரிரு நிமிஷம் நனைய வேண்டும். நுனி அலையலையாகச் சுருண்டிருந்தால், நனைந்த பின் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துக் கட்டைவிரலால் மெல்ல நீவினால் நேராகிவிடும். பிறகு மௌத்பீஸின் நடுவில், இருபக்கமும் சமமாக நிற்கும்படி வைத்து, நுனிக்கு மேல் மௌத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரியுமாறு அமைக்க வேண்டும். ரீடைச் சற்று மேலேற்றினால் விறைப்புக் கூடும், கீழிறக்கினால் குறையும். இச்சிறு நகர்த்தலே பல சமயங்களில் போதுமான மருந்தாகிவிடுகின்றது. லிகேச்சர் திருகுகளை, ரீடு நழுவாத அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் ரீடும் நசுங்கும், மேடையும் நாளடைவில் கோணும்.

ரீடின் அடிப்பக்கம் கோணியிருந்தால், மிக நைசான உப்புத்தாளை ஒரு கண்ணாடியின்மேல் விரித்து, நுனியைத் தாளுக்கு வெளியே நிறுத்தி, நாலைந்து முறை தேய்த்தால் தட்டையாகும். சற்றே விறைப்பான ரீடை இளக்க, நுனிக்குக் கீழே இருபக்கங்களிலும் அதே தாளால் இலேசாக வருடலாம். எந்தப் பக்கம் விறைப்பு என்றறிய, மௌத்பீஸை வாயில் சற்று இடப்புறமும் பிறகு வலப்புறமும் சாய்த்து ஊதிப் பார்க்க வேண்டும். உதடு படாத பக்கமே அப்போது தாராளமாகத் துடிக்கும். அது மந்தமாயிருந்தால் அப்பக்கத்தை வருட வேண்டும். இரண்டு வருடல், ஒரு சோதனை என்ற கணக்கில் போக வேண்டும். எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே கருமையாகத் தோன்றும் பகுதி ரீடின் இதயம். அதைத் தொடவே கூடாது. ரீடு இளகிவிட்டால், நுனியைக் கத்தரிக்கவென்றே ஒரு சிறு கருவி உண்டு. அது ஒரு மயிரிழையை வெட்டி, ரீடுக்குச் சில நாள் ஆயுளைக் கூட்டும்.

நாகஸ்வர வித்வான்கள் வாத்தியத்தில் மாற்றுச் சீவாளிகளையும் தந்த ஊசியையும் கோத்துத் தொங்கவிட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். அது அழகுக்கு மட்டும் அன்று. சீர்செய்ய ஊசி, கைகொடுக்க மாற்றுச் சீவாளி. சாக்ஸபோனுக்கும் அதே நியாயந்தான். நான்கு ரீடுகளுக்கு 1, 2, 3, 4 என்று பென்சிலால் குறியிட்டு, நாளுக்கொன்றாக முறைமாற்றி வாசித்தால் நான்கும் நீடித்து உழைக்கும். புது ரீடை முதல் சில நாட்களுக்குப் பத்து நிமிஷத்திற்கு மேல் வாசிக்கலாகாது.

ரீடைத் தவிர மௌத்பீஸைச் சீர்செய்ய வீட்டில் எவரும் முனையவேண்டாம். அதன் வளைவைத் தேய்த்துத் திருத்துவது கைதேர்ந்தவர்களின் வேலை. நமக்குரியது சுத்தம் ஒன்றுதான். வாரம் ஒரு முறை குளிர்ந்த நீரிலோ இளஞ்சூட்டு நீரிலோ கழுவி, மென்துணியால் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் எபோனைட் நிறம் மாறும், வடிவமும் கெடும்.

நாம் வாழும் ஊரின் காற்று

நாணல் செத்தும் நீரை மறப்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் டில்லியில் வீசும் அனல்காற்றிலும், குளிர்காலத்தில் ஹீட்டர் வைத்த அறையிலும் ரீடு வறண்டு கோணும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் மழைக்காலத்தில் உலராமல் பூசணம் பிடிக்கும். ஆகவே, வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து, தட்டையான தாங்கியில் வைத்து, காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவைப்பது நலம். வறண்ட பருவத்தில் டப்பாவில் ஈரப் பஞ்சு ஒன்றைத் தனியாக வைக்கலாம். மழைக்காலத்தில் நன்கு ஆறிய பிறகே மூடவேண்டும்.

இத்தொல்லைகளுக்கு அஞ்சுவோருக்கென்று செயற்கை ரீடுகளும் வந்துள்ளன. கனடா நாட்டு லெஜேர் ரீடுகள் அவ்வகையைச் சேர்ந்தவை. நனைக்க வேண்டியதில்லை, பருவத்திற்கு ஏற்ப மாறுவதுமில்லை. ஒன்றின் விலையில் ஒரு பெட்டி நாணல் ரீடு வாங்கலாம் என்பது ஒரு குறை. நாணலின் நாதத்தையே விரும்புவோர் பலர் என்பது மற்றொன்று. பல மாதங்கள் உழைப்பதால், கணக்குப் பார்த்தால் சில இல்லங்களுக்கு அது கட்டுப்படியாகலாம்.

நம் சங்கீதத்தைச் சாக்ஸபோனில் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சாவிகள் ஸ்வரத்திற்கு ஸ்வரம் தாவும். கமகமோ வழுக்கிச் செல்ல வேண்டும். அந்த வழுக்கலைத் தருவதில் விரல்களுடன் உதட்டிற்கும் தாடைக்கும் பெரும் பங்குண்டு. ரீடின்மேல் உதட்டின் அழுத்தம் தளர்ந்தால் ஸ்வரம் இறங்கும். இறுகினால் சற்று ஏறும். விறைத்த ரீடு இதற்கு இணங்காது. கத்ரி கோபால்நாத் அவர்கள் கமகங்களுக்காக வாத்தியத்தின் சாவி அமைப்பிலேயே சில மாற்றங்கள் செய்துகொண்டார் என்பதை நினைத்தால், வாத்தியத்தை மனிதனுக்கு இசைவிப்பது குற்றமன்று, கடமை என்பது விளங்கும்.

பிறகு நடந்தது

பழைய கறுப்பு மௌத்பீஸைத் தேடி எடுத்துக் கழுவினோம். இரண்டாம் எண் ரீடுகள் ஒரு பெட்டி வாங்கினோம். பையன் முதலில் நம்பவில்லை. நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே ரீடை நனைத்துக் கட்டினான். ஊதினான். வீடு நிறைய ஒரு ஸ்வரம் நின்றது. கீச்சொலி இல்லை, சீறல் இல்லை. அவன் ஊதுவதை நிறுத்திவிட்டு, “நான் சொன்னேனே அப்பா” என்றான். அதற்கு நம்மிடம் விடையில்லை. தவறு எம்முடையது என்று அவனிடம் ஒப்புக்கொண்டோம்.

அதனால் அவன் ஒரே நாளில் வித்வானாகிவிடவில்லை. சாதகம் சாதகந்தான். சித்திரை முதல் நாள் நம் சங்க விழாவில் ஒரு சிறு கீதம் வாசித்தான். நடுவில் ஓர் இடத்தில் தடுமாறி, மறுபடி பிடித்துக்கொண்டான். கீழ் வீட்டு அம்மையார் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். உலோக மௌத்பீஸ் இன்னும் அலமாரியில் இருக்கின்றது; அவன் வளர்ந்து தானே விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும்.

இதைப் படிக்கும் இல்லங்களில் வாத்தியம் ஒன்று உறைக்குள் முடங்கிக் கிடந்தால், நேயர்கள் ஒருமுறை அதைத் திறந்து ரீடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுத்த எண்ணையே வாங்குங்கள். நாலைந்து குடும்பத்தார் சேர்ந்து பெட்டியாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும். எல்லாவற்றிற்கும் மேலாக, ‘இதில் வரவில்லை’ என்று குழந்தை சொல்லும்போது, கடிந்துகொள்ளுமுன் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். நம் இல்லத்தில் ஆறு மாதம் வீணானது அந்த ஒரு நிமிஷத்தை நாம் கொடுக்காததால்தான்.